சொந்தக் கன்ட்ரோலரா, கிளப் செட்டப்பா? காசு போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

டிஜே கத்துக்கணும்னு இறங்குற எல்லாருக்கும் ரெண்டாவது வாரமே வர்ற கேள்வி இது. இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் சேர்த்ததோ, வீட்ல கெஞ்சி வாங்கினதோ, கையில சுமார் ரூ.30,000 இருக்கு. அதுல ஒரு கன்ட்ரோலர் வாங்கலாமா? இல்ல, "கிளப்ல எப்படியும் அவங்க மெஷின்தான் இருக்கும், நாம எதுக்குத் தனியா வாங்கணும்?"னு விட்டுடலாமா?

யூட்யூப்ல தேடினா இதுக்கு நூறு பதில் கிடைக்கும். ஆனா அதுல பாதி, வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே கிளப் இருக்கிறவங்க சொல்ற பதில். எங்க ஊர் கோட்டுச்சேரிமேடு. காரைக்கால் மாவட்டம், கோட்டுச்சேரி கொம்யூன். வடக்கே கொஞ்ச தூரம் போனா பொறையார், அங்கிருந்து தமிழ்நாடு. நாலு பக்கத்துல மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். கிளப்னு ஒன்னைப் பார்க்கணும்னா சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி பாண்டிச்சேரி போகணும். சென்னைன்னா 300 கிலோமீட்டர் பக்கம். நம்ம காலேஜ்ல படிக்கிற நிறைய பேருக்கு இதே நிலைமைதான். அதனால இந்தக் கேள்வியை நம்ம ஊர்ல இருந்து யோசிச்சுப் பார்ப்போம்.

ரெண்டும் என்னன்னு முதல்ல பார்த்துடலாம்

கன்ட்ரோலர் தனியா எதையும் ப்ளே பண்ணாது. பாட்டு லேப்டாப்ல இருக்கும். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ மாதிரி ஒரு சாஃப்ட்வேர் அதை ஓட்டும். அந்த சாஃப்ட்வேரைக் கையால இயக்குறதுக்கு இருக்கிற பெட்டிதான் கன்ட்ரோலர். ரெண்டு ஜாக் வீல், நடுவுல மிக்சர், உள்ள ஒரு சவுண்ட் கார்டு, அவ்வளவுதான். நம்ம பசங்க அதிகம் வாங்குறது பயனியர் டிஜே கம்பெனியோட டிடிஜே-400, இல்லன்னா அதுக்குப் பிறகு வந்த டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4.

கிளப்ல இருக்கிறது வேற மாதிரி. ரெண்டோ நாலோ தனித்தனி பிளேயர், நடுவுல தனியா ஒரு மிக்சர். லேப்டாப் தேவையில்ல, பென் டிரைவைச் செருகினா போதும். ஒரு காலத்துல இந்த இடத்துல இருந்தது 1972-ல வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள். 1994-ல பயனியர் சிடிஜே-500 கொண்டு வந்தது. 2001-ல சிடிஜே-1000 வந்த பிறகுதான் கிளப் டிஜேக்கள் பெரிய அளவுல சிடிக்கு மாறினாங்க. 2009-ல சிடிஜே-2000 வந்தப்போ கூடவே ரெக்கார்ட்பாக்ஸ் வந்தது. வீட்ல பாட்டை ரெடி பண்ணி பென் டிரைவ்ல ஏத்திட்டுப் போற பழக்கம் அங்கிருந்து ஆரம்பிச்சது. இன்னைக்குப் பெரிய கிளப்கள்ல நீங்க பார்க்கப் போறது பெரும்பாலும் 2016-ல வந்த சிடிஜே-2000 நெக்ஸஸ் 2, இல்லன்னா 2020-ல வந்த சிடிஜே-3000.

விலையைப் பாருங்க. சிடிஜே-3000 வெளிவந்தப்போ அமெரிக்காவுல ஒன்னு 2,299 டாலர். ரெண்டு பிளேயருக்கு 4,598 டாலர். அன்னைக்கு ரேட்ல கணக்குப் போட்டாலே மூணு லட்ச ரூபாயைத் தாண்டும். இறக்குமதி வரியும் மிக்சரும் அதுல சேரலை. ஒரு ஸ்டூடன்ட் இதை வாங்குற பேச்சுக்கே இடமில்ல. அதனால உண்மையான கேள்வி "எது நல்ல மெஷின்?" இல்ல. கிளப் மெஷின்தான் நல்ல மெஷின், அதுல சந்தேகமே வேண்டாம். "நான் எங்க வாசிக்கப் போறேன், அதுக்கு என் கையில என்ன இருக்கணும்?" என்பதுதான் கேள்வி.

நாதஸ்வரமா, பியானோவா?

நம்ம டெல்டாவுல இதைப் புரிஞ்சுக்கிறது ஈசி. நாதஸ்வரக்காரர் எந்தக் கோயிலுக்கு வாசிக்கப் போனாலும் தன்னோட வாத்தியத்தைத் தானே எடுத்துட்டுப் போவார். நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல கடைஞ்சு செய்யுறாங்களே, 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சதே, அந்த வாத்தியம். அவர் உதட்டுக்கும் மூச்சுக்கும் பழகினது அது ஒன்னுதான். "கோயில்ல ஒன்னு இருக்கும், அதுல ஊதிக்கோங்க"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா பியானோ வாசிக்கிறவர் பியானோவைத் தூக்கிட்டு அலைய முடியாது. ஹால்ல எது இருக்கோ அதுல உட்கார்ந்து வாசிச்சே ஆகணும். அதனாலதான் உலகம் பூரா பியானோ கீபோர்டு ஒரே வரிசையில இருக்கு.

கிளப் டிஜே பியானோக்காரர் மாதிரி. சென்னையில வாசிக்கிறவர் அடுத்த வாரம் கோவாவுலயோ சிங்கப்பூர்லயோ போய் நின்னாலும் அதே பட்டன் அதே இடத்துல இருக்கணும். கிளப்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாடல் வாங்கிப் போடுறதுக்குக் காரணம் இதுதான். கல்யாண மண்டப டிஜே நாதஸ்வரக்காரர் மாதிரி. அங்க வாத்தியம் எதுவும் காத்துக்கிட்டு இருக்காது.

நம்ம ஊர்ல வேலை எங்க இருக்கு?

காரைக்கால், பொறையார், தரங்கம்பாடி, மயிலாடுதுறை பக்கம் டிஜேன்னா கல்யாண ரிசப்ஷன், பர்த்டே, காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஃபேர்வெல், நியூ இயர் பார்ட்டி. இந்த இடங்கள்ல சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஸ்பீக்கர், ஆம்ப், மிக்சர், மைக் எல்லாம் கொண்டு வருவார். சிடிஜே கொண்டு வர மாட்டார். பாட்டு போடுற கருவி உங்களுதா இருக்கணும். அதனால இங்க கன்ட்ரோலர் ஆடம்பரம் இல்ல, உங்க தொழில் சாமான்.

இங்க கன்ட்ரோலர் வேற ரெண்டு விஷயத்துலயும் கிளப் பிளேயரை ஜெயிக்கும். முதல் விஷயம் கரண்ட். மண்டபத்துல கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற அந்த அரை நிமிஷத்துல சிடிஜே அணைஞ்சு, திரும்ப பூட் ஆகி, பென் டிரைவைப் படிச்சு, பாட்டை லோட் பண்ணணும். எஃப்எல்எக்ஸ்4 மாதிரி சின்னக் கன்ட்ரோலர் லேப்டாப்போட யுஎஸ்பியில இருந்தே கரண்ட் எடுத்துக்கும். லேப்டாப் பேட்டரியில இருக்கிற வரைக்கும் ரெண்டும் அணையாது. ஸ்பீக்கர் உயிர் வந்ததும் பாட்டு அங்கயே ஓடிக்கிட்டு இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: கரண்ட் போனதும் மாஸ்டர் வால்யூமைக் கீழே இறக்கிடுங்க. ஆம்ப் திரும்ப ஆன் ஆகுறப்போ முழு சத்தத்துல அடிச்சா பக்கத்துல நிக்கிற குழந்தை மிரண்டு போயிடும்.

ரெண்டாவது, நேயர் விருப்பம். ரிசப்ஷன்ல மாப்பிள்ளையோட மாமா வந்து எண்பதுல வந்த ஒரு பாட்டைக் கேட்பார். இல்லைன்னு சொல்ல முடியாது. லேப்டாப்னா உங்க மொத்தக் கலெக்‌ஷனும் கையில இருக்கு, கீபோர்டுல டைப் பண்ணித் தேடலாம். பென் டிரைவ்ல நீங்க ஏத்தினது மட்டும்தான் இருக்கும்.

கிளப்புக்குக் கன்ட்ரோலரைத் தூக்கிட்டுப் போனா என்ன ஆகும்?

பாண்டியிலயோ சென்னையிலயோ ஒரு கிளப்ல ஓப்பனிங் ஸ்லாட் கிடைக்குதுன்னு வைங்க. வீட்ல பழகின கன்ட்ரோலரையே கொண்டு போகலாம்னு தோணும். செஞ்சு பார்க்கிறதுக்கு முன்னாடி அந்த பூத்தை மனசுல கொண்டு வாங்க.

டேபிள் முழுக்க பிளேயரும் மிக்சரும்தான். உங்க கன்ட்ரோலரையும் லேப்டாப்பையும் வைக்க இடம் இருக்காது. உங்களுக்கு முன்னாடி வாசிக்கிறவர் இன்னும் வாசிச்சுக்கிட்டு இருப்பார். அந்த நேரத்துல, இருட்டுல, மிக்சருக்குப் பின்னாடி கையை விட்டு காலியா ஒரு லைன் இன்புட் தேடிச் செருகணும். தப்பான வயரைப் பிடுங்கினா மொத்த கிளப்பும் அமைதியாயிடும். டிரைவரோ அப்டேட்டோ தகராறு பண்ணினா லேப்டாப் முன்னாடி குனிஞ்சு நிக்கிற உங்களை எல்லாரும் பார்ப்பாங்க. பென் டிரைவ் கொண்டு போனவருக்கு இதுல ஒன்னுமே கிடையாது. ஓடாம சும்மா இருக்கிற பிளேயர்ல செருகி, ஹெட்ஃபோன்ல கேட்டு, முதல் பாட்டை உள்ள விடுவார். பத்து செகண்ட் வேலை.

இன்னொரு வித்தியாசம் பூத் மானிட்டர். எஞ்சினியரிங் படிக்கிறோமே, ஒரு சின்னக் கணக்கு போடுவோம். காத்துல சத்தத்தோட வேகம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர். பெரிய ஸ்பீக்கர் உங்ககிட்ட இருந்து 17 மீட்டர் தள்ளி இருந்தா அதோட சத்தம் உங்க காதுக்கு சுமார் 50 மில்லிசெகண்ட் லேட்டா வரும். 120 பிபிஎம் பாட்டுல ஒரு பீட்டுக்கு 500 மில்லிசெகண்ட். அதாவது பத்துல ஒரு பங்கு பீட் பின்னாடி கேக்குறீங்க. ஹெட்ஃபோன்ல கேக்குறதையும் ஹால்ல கேக்குறதையும் சேர்க்கப் பார்த்தா ரெண்டு பாட்டும் இடிக்கும். இதுக்காகத்தான் கிளப்ல டிஜே பக்கத்துலயே தனியா ஒரு ஸ்பீக்கர் வச்சு, மிக்சர்ல அதுக்குத் தனி அவுட்புட்டும் கொடுக்கிறாங்க. எஃப்எல்எக்ஸ்4-ல அந்த பூத் அவுட்புட் கிடையாது.

கன்ட்ரோலர் கத்துக்கொடுக்காத விஷயங்கள்

கன்ட்ரோலர்ல பழகினவங்க கிளப் மெஷின் முன்னாடி தடுமாறுறது பட்டன் தெரியாததால இல்ல. பட்டன் வரிசை கிட்டத்தட்ட ஒன்னுதான். லேப்டாப் ஸ்கிரீனைப் பார்த்தே மிக்ஸ் பண்ணிப் பழகிட்டதாலதான்.

கன்ட்ரோலர்ல ரெண்டு பாட்டோட வேவ்ஃபார்மும் ஒன்னுக்குக் கீழ ஒன்னா ஓடும். சிங்க் அழுத்தினா சேர்ந்துக்கும். எஃப்எல்எக்ஸ்4-ல ஸ்மார்ட் ஃபேடர்னு ஒன்னு இருக்கு, ஃபேடரைத் தள்ளினா மிக்சிங்ல பாதியை அதுவே பண்ணிடும். கிளப் மிக்சர்ல அது கிடையாது. பாட்டுல இருந்து குரலையும் இசையையும் பிரிச்சு வாசிக்கிற வசதியும் லேப்டாப்ல சாஃப்ட்வேர் செய்யுற வேலை, சிடிஜே-3000-ல அது இல்ல. சிங்க் மட்டும் 2012-ல வந்த சிடிஜே-2000 நெக்ஸஸ்ல இருந்தே இருக்கு. ஆனா அந்த மாடல்ல ரெக்கார்ட்பாக்ஸ்ல அனலைஸ் பண்ணி ஏத்தின பாட்டுக்குத்தான் அது வேலை செய்யும்.

சிங்கை மட்டும் நம்புறது தமிழ்ப் பாட்டுக்கு இன்னும் ஆபத்து. எழுபது, எண்பதுகள்ல வந்த பாட்டெல்லாம் வாத்தியக்காரங்க சேர்ந்து உட்கார்ந்து வாசிச்சு ரெக்கார்ட் ஆனது. மனுஷன் வாசிச்சா வேகம் கொஞ்சம் ஏறும், இறங்கும். அதுதான் அழகு. சாஃப்ட்வேர் போடுற பீட் கிரிட் ஒரே வேகம்னு நினைச்சுக் கோடு போடும், பாதிப் பாட்டுக்குப் பிறகு கோடு ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். குத்துப் பாட்டுல இன்னொரு பிரச்சனை. நிறைய குத்து 6/8 தாளத்துல ஓடும். சாஃப்ட்வேர் 4/4-னு நினைச்சு பிபிஎம்மைத் தப்பாக் காட்டும். இந்த இடத்துல காதுதான் காப்பாத்தும்.

எவ்வளவு சின்னத் தப்பு எவ்வளவு பெரிசாகும்னு பாருங்க. ஒரு பாட்டு 120 பிபிஎம், இன்னொன்னு 120.5. ஒரு நிமிஷத்துல இது 120 அடி, அது 120.5 அடி. அதாவது ஒரே நிமிஷத்துல அரை பீட் விலகிடும். ஒன்னோட அடிக்கு நடுவுல இன்னொன்னு விழும். கேக்கவே முடியாது. அதனால வீட்ல பழகுறப்போ தினமும் அரை மணி நேரம் சிங்க்கை ஆஃப் பண்ணி, லேப்டாப் ஸ்கிரீன் மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டு, ஹெட்ஃபோனையும் டெம்போ ஸ்லைடரையும் மட்டும் வச்சு ரெண்டு பாட்டைச் சேருங்க. முதல் வாரம் கடுப்பாகும். ஒரு மாசத்துல கை தானா போகும். ரூ.30,000 கன்ட்ரோலர்ல கிளப் மெஷினுக்குத் தயாராகுற வழி இதுதான்.

பென் டிரைவை ஒழுங்காத் தயார் பண்ணுங்க

கன்ட்ரோலர் வாங்கினாலும் வாங்கலைன்னாலும் இதைக் கத்துக்கோங்க. ரெக்கார்ட்பாக்ஸ் லேப்டாப்ல இலவசமாவே ஓடும், பென் டிரைவுக்கு எக்ஸ்போர்ட் பண்றதுக்கும் காசு கிடையாது.

ஃபார்மேட்: ஃபேட்32 வைங்க. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் ரெண்டையும் சிடிஜே-2000 நெக்ஸஸ் 2 படிக்காது. விண்டோஸோட சாதாரண ஃபார்மேட் விண்டோவுல 32 ஜிபிக்கு மேல ஃபேட்32 ஆப்ஷன் வராது, அதனால 32 ஜிபி டிரைவே நிம்மதி. 320 கேபிபிஎஸ் எம்பி3-ல நாலு நிமிஷப் பாட்டு சுமார் 9.6 எம்பி. மூவாயிரம் பாட்டு தாராளமா அடங்கும்.

ஃபைல்: எம்பி3, இல்லன்னா வேவ். எல்லா மாடலும் படிக்கும். ஃபிளாக் நெக்ஸஸ் 2-ல ஓடும், அதுக்கு முந்தின மாடல்ல ஓடாது. யூட்யூப்ல இருந்து உருவின பாட்டு போன்ல நல்லா இருக்கும், பெரிய ஸ்பீக்கர்ல அதோட சாயம் வெளுத்துடும்.

பேர்: பாட்டுப் பேரையும் படத்துப் பேரையும் ஆங்கில எழுத்துல வைங்க. பிளேயரோட சர்ச் கீபோர்டுல தமிழ் எழுத்து கிடையாது.

க்யூ: பாட்டு ஆரம்பிக்கிற முதல் அடி, பல்லவி, மிக்ஸ் அவுட் பண்ற இடம், இந்த மூணுக்கும் வீட்லயே ஹாட் க்யூ போட்டு வைங்க. அதுவும் பென் டிரைவோட கூடவே போகும்.

எண்ணிக்கை: ஒரே மாதிரி ரெண்டு டிரைவ். பிளேயர் ரெண்டும் லேன் கேபிள்ல இணைஞ்சிருந்தா ஒரு டிரைவே ரெண்டுக்கும் போதும். கேபிள் இல்லன்னா ஆளுக்கு ஒன்னு வேணும். ஒன்னு கெட்டுப் போனாலும் இன்னொன்னு இருக்கும்.

கூடவே ஒரு விஷயம். ஸ்லாட் உறுதியானதும் "பிளேயர் என்ன மாடல், மிக்சர் என்ன மாடல்?"னு கேட்டு ஒரு மெசேஜ் போடுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. மாடல் தெரிஞ்சா மேனுவலை டவுன்லோட் பண்ணி பஸ்லயே படிச்சுடலாம். முடிஞ்சா கதவு திறக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய், கை வச்சுப் பார்க்க அனுமதி கேளுங்க.

சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கிட்ட போறப்போ

கன்ட்ரோலரோட மண்டபத்துக்குப் போறீங்கன்னா கேபிள் பை உங்க பொறுப்பு. சின்னக் கன்ட்ரோலர்ல மாஸ்டர் அவுட்புட் ஆர்சிஏ மட்டும்தான். அண்ணனோட மிக்சர்ல கால் இஞ்ச் ஜாக்கோ எக்ஸ்எல்ஆரோ இருக்கும். கடையில அந்தக் கால் இஞ்ச் ஜாக்கை பி-38 பின்னுன்னு கேட்டாதான் எடுத்துக் கொடுப்பாங்க. ஆர்சிஏ டு பி-38 கேபிள் ரெண்டு செட் வாங்கி வச்சுக்கோங்க.

ஆர்சிஏ வயரை நீளமா இழுக்காதீங்க. அது பேலன்ஸ்டு கிடையாது, வழியில இருக்கிற சீரியல் லைட், டிம்மர் இரைச்சலை எல்லாம் பொறுக்கிட்டு வரும். மிக்சர் பக்கத்துலயே உட்காருங்க, இல்லன்னா ஒரு டிஐ பாக்ஸ் வச்சு அங்கிருந்து எக்ஸ்எல்ஆர்ல அனுப்புங்க. "ங்ங்ங்"னு ஹம் வந்தா முதல்ல லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. பல தடவை கிரவுண்ட் லூப் அங்கதான் இருக்கும். மீட்டர் சிவப்புல போகவே கூடாது. சத்தம் பத்தலைன்னா அண்ணன்கிட்ட சொல்லுங்க, அவர் ஏத்துவார். நீங்க கிளிப் பண்ணி அனுப்பினா அடி வாங்குறது அவரோட ட்வீட்டர். அடுத்த கல்யாணத்துக்கு உங்க பேரைச் சொல்லப் போறவரும் அவர்தான்.

திறந்த வெளின்னா நேரத்தைப் பாருங்க. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துல அனுமதி வேணும், ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் திறந்த வெளியில போடக் கூடாது. விழா நாட்கள்ல 12 மணி வரைக்கும் அரசு விலக்கு தரலாம், அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல இல்ல. இது மத்திய அரசு விதி. கோட்டுச்சேரியா இருந்தாலும் எல்லை தாண்டிப் பொறையாரா இருந்தாலும் ஒன்னுதான். உங்க கடைசிப் பாட்டை 9.50-க்குத் திட்டம் போட்டு வைங்க.

அப்போ வாங்கலாமா?

அடுத்த ஒரு வருஷத்துல நீங்க வாசிக்க வாய்ப்பிருக்கிற பத்து இடத்தைப் பேப்பர்ல எழுதுங்க. பொய் சொல்லாம எழுதுங்க. அதுல ஆறுக்கு மேல மண்டபம், காலேஜ், பர்த்டேன்னா கன்ட்ரோலர் வாங்குங்க. சின்னதே போதும். ஒரு லட்சத்துக்குப் பெரிய கன்ட்ரோலர் வேண்டாம். அதைக் கிளப்புக்கும் கொண்டு போக முடியாது, பஸ்ல ஏத்துறதும் கஷ்டம்.

பத்துல பெரும்பாலும் கிளப்தான்னா, அதுவும் நீங்க பாண்டி, சென்னையில தங்கிப் படிக்கிறவர்னா, அந்தக் காசுல சிடிஜே இருக்கிற பிராக்டிஸ் ரூமை மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கிறது புத்திசாலித்தனம்.

பத்து இடம் எழுதவே வரலையா? அப்போ இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. நாலு பேரா சேர்ந்து ஆளுக்கு ரூ.7,500 போட்டு ஒரு கன்ட்ரோலர் வாங்கி, வாரத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சுக்கோங்க. மியூசிக் கிளப் இருக்கிற காலேஜ்னா அவங்க பட்ஜெட்ல ஒன்னு கேட்டுப் பாருங்க. ஆறு மாசம் கழிச்சும் உங்க முறை எப்போ வரும்னு நாளை எண்ணிக்கிட்டு இருந்தா, அப்போ சொந்தமா வாங்குங்க.

எங்க ஊர்ல இருந்து கணக்குப் போட்டா எனக்குக் கிடைக்கிற விடை இது. காரைக்காலுக்குக் கன்ட்ரோலர், பாண்டிக்குப் பென் டிரைவ். ஒன்னு ஊர்ல சம்பாதிக்க, இன்னொன்னு வெளியூர் மெஷின்ல போய் நிக்க. உங்க பத்து இடத்தை எழுதிட்டுச் சொல்லுங்க, உங்க கணக்கு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.